பிக்கப்புக்கு ஸ்போர்ட் டயர்: ரிம்மைத் தொடும் முன் காற்றைப் பாருங்கள்

கோவையிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: “என்னிடம் 2021 மாடல் இசுஸு வி-கிராஸ் 4×4 இருக்கிறது. சொந்த உபயோகம்தான். வாரம் ஒருமுறை கொச்சி போய் வருவேன். மாதம் இரண்டு முறை உடுமலைத் தோட்டத்துக்கு ஐந்தாறு உரமூட்டை ஏற்றுவேன். காட்டுப் பாதை பக்கமே போவதில்லை. முந்தைய உரிமையாளர் போட்ட பட்டன் டயர்தான் இன்னும் ஓடுகிறது. போன மாதம் மழையில் வாளையார் தாண்டி பிரேக் அடித்தபோது பின்பக்கம் ஒரு பக்கமாகச் சறுக்கிக்கொண்டு போய்விட்டது. கடையில், 20 இன்ச் அலாய் வீலும் 275/45 ஸ்போர்ட் டயரும் போட்டால் கார் மாதிரி ஒட்டிக்கொண்டு போகும் என்கிறார்கள். போடலாமா?”

டயரை மாற்றுங்கள். ரிம்மை மாற்ற வேண்டாம். இரண்டுக்கும் முன்னால், காசு செலவில்லாத ஒரு வேலை: காலையில் வண்டியை எடுப்பதற்கு முன், டயர் சூடாகாத நேரத்தில், பின்சக்கரங்களில் எவ்வளவு காற்று இருக்கிறது என்று அளந்து பாருங்கள். நாற்பது பிஎஸ்ஐ-க்கு (காற்றழுத்தத்தை அளக்கும் அலகு) மேல் காட்டினால் எனக்கு ஆச்சரியம் இருக்காது. நம் ஊர்ப் பஞ்சர் கடைகளில் பின்னால் தொட்டி இருக்கிற எந்த வண்டியைப் பார்த்தாலும் “லோடு வண்டிதானே” என்று பின்சக்கரத்துக்குக் கூடுதலாக அடித்து அனுப்புவது வழக்கம்.

காலித் தொட்டியோடு ஓடும் பிக்கப்பில் அதுதான் வினை. எஞ்சின், கியர்பாக்ஸ், கேபின் எல்லாம் முன்னால் இருக்கின்றன. பின்னால் இருப்பது வெறும் தகரத் தொட்டி; அதன் கீழே லோடு தாங்குவதற்கென்றே கட்டிய கமான் பட்டை. பிரேக் அடித்தால் இருக்கிற எடையும் முன்னால் சாய்கிறது. ஏற்கெனவே லேசான பின்சக்கரத்தில் காற்றும் அதிகம் என்றால் டயரின் நடுப்பகுதி மட்டும்தான் தரையைத் தொடும், ஓரங்கள் தூக்கிக்கொண்டு நிற்கும். ரோட்டில் சின்ன மேடு பள்ளம் வந்தாலே பின்பக்கம் துள்ளும். துள்ளுகிற சக்கரத்துக்குப் பிடிப்பு ஏது? எவ்வளவு விலை கொடுத்து ஸ்போர்ட் டயர் போட்டாலும் இது மாறாது.

ஓட்டுநர் கதவைத் திறந்தால் ஸ்டிக்கர் ஒன்று தெரியும். முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் எவ்வளவு காற்று என்று அதில் இருக்கும். அதுதான் உங்கள் கணக்கு. முழு லோடுக்குத் தனியாக ஓர் அளவு கொடுத்திருந்தால் அது உரமூட்டை ஏற்றும் நாளுக்கு மட்டும். தோட்டத்துக்குப் போகும் முன் ஏற்றி, திரும்பி வந்ததும் இறக்கிவிடுங்கள். பத்து நிமிட வேலை. சிகரெட் லைட்டரில் மாட்டும் சின்னக் காற்று பம்ப் ஒன்று வைத்திருந்தால் வீட்டு வாசலிலேயே முடிந்துவிடும். ஸ்டிக்கர் சொல்வதற்குக் கீழேயும் போகாதீர்கள். தண்ணீர் தேங்கிய ரோட்டில் டயர் எந்த வேகத்தில் மிதக்கத் தொடங்கும் என்று நாசா விமான டயர்களை வைத்து ஆராய்ந்தது. அப்போது கிடைத்த சூத்திரத்தின்படி அந்த வேகம் காற்றழுத்தத்தைப் பொறுத்தது. 32 பிஎஸ்ஐ-க்கு அந்தக் கணக்கு மணிக்குச் சுமார் 94 கிலோமீட்டர் காட்டுகிறது. 25 பிஎஸ்ஐ என்றால் 83-தான். தேய்ந்து வழுவழுப்பான டயரும் ஆழமான தண்ணீரும் சேர்ந்த நிலைமைக்கான கணக்கு இது. நல்ல பள்ளம் உள்ள டயர் தண்ணீரை ஒதுக்கிவிடும் என்பதால் இன்னும் தாக்குப்பிடிக்கும். ஆனாலும் காற்று குறையக் குறைய மிதப்பு சீக்கிரம் வரும் என்பதில் மாற்றமில்லை.

இப்போது டயர். பட்டன் டயர் என்று நாம் சொல்வதைக் கடைக்காரர்கள் ஏ.டி. என்பார்கள், எந்தத் தரைக்கும் ஆனது என்ற பொருளில். பட்டன்களுக்கு நடுவே அகலமான இடைவெளி இருப்பதால் தார் ரோட்டைத் தொடும் ரப்பர் குறைகிறது. ஒவ்வொரு பட்டனும் பிரேக் அடிக்கும்போது தனித்தனியாக நெளிகிறது. கல்லில் கிழியாமல் இருக்க வேண்டும் என்பதால் ரப்பரும் பெரும்பாலும் கெட்டி. ஆற்று மணலிலும் தோட்டச் சேற்றிலும் இதெல்லாம் வரம். மழை நனைத்த தேசிய நெடுஞ்சாலையில் நேர்மாறு. அதோடு, முந்தைய உரிமையாளர் போட்டது என்கிறீர்கள். டயர் வயது என்ன? பக்கச் சுவரில் ஒரு நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கம் இருக்கும். 1820 என்றால் 2020-ஆம் ஆண்டின் 18-ஆவது வாரம் செய்தது. பட்டன் எவ்வளவு உயரமாக இருந்தாலும், நம் வெயிலில் ஆறேழு வருடம் நின்ற ரப்பர் இறுகிப்போயிருக்கும். நகத்தால் அழுத்திப் பாருங்கள், வித்தியாசம் தெரியும்.

ஆக, தார் ரோட்டு டயருக்கு மாற நினைப்பது நூற்றுக்கு நூறு சரியான முடிவு. அந்த 20 இன்ச்சில்தான் சிக்கல்.

உங்கள் வண்டிக்குக் கம்பெனி கொடுத்த அளவு 255/60 ஆர்18. 255 மில்லிமீட்டர் அகலம். அதில் 60 சதவீதம், அதாவது 153 மில்லிமீட்டர், பக்கச் சுவரின் உயரம். 18 இன்ச் ரிம். மொத்த விட்டம் 763 மில்லிமீட்டர். கடைக்காரர் சொல்லும் 275/45 ஆர்20-க்கு விட்டம் 755 சொச்சம். ஒரு சதவீதம்தான் குறைகிறது, ஸ்பீடோமீட்டருக்குப் பெரிய பாதகமில்லை. பக்கச் சுவரைப் பாருங்கள்: 124 மில்லிமீட்டர். கிட்டத்தட்ட மூன்று சென்டிமீட்டர் ரப்பர் போய், அந்த இடத்தில் அலுமினியம் வந்து நிற்கிறது. இரவில், மழையில், தண்ணீர் நிறைந்த பள்ளத்தில் விழும்போது உங்களைக் காப்பாற்ற வேண்டியது அந்த மூன்று சென்டிமீட்டர்தான். பக்கச் சுவர் வீங்கி ‘பல்ஜ்’ வந்த டயர்களை அலைன்மென்ட் கடைகளில் பார்த்திருப்பீர்கள். அவற்றில் பெரும்பாலானவை தாழ்ந்த பக்கச் சுவர் டயர்கள்தான். பல்ஜ் வந்தால் ஒட்டுப் போட முடியாது, தூக்கித்தான் போட வேண்டும்.

அடுத்தது அகலம். அகலமான டயர் காய்ந்த ரோட்டில் பிடிக்கும் என்பது உண்மை. ஆனால் ஒதுக்க வேண்டிய தண்ணீரும் அகலத்துக்கு ஏற்பக் கூடும், எனவே மழையில் மிதப்பு முன்னதாக வரும். நீங்கள் சறுக்கியது மழையில்!

மூன்றாவது விஷயத்தைக் கடைகளில் யாரும் சொல்வதில்லை. அளவுக்குப் பக்கத்தில் இருக்கும் எண்ணும் எழுத்தும்தான் அது. 108 என்றால் அந்த டயர் 1000 கிலோ தாங்கும், 110 என்றால் 1060, 112 என்றால் 1120. 20 இன்ச் டயரில் 110 என்று போட்டிருக்கும், பரவாயில்லையே, கூடத்தானே என்று தோன்றும். கூடவே ‘எக்ஸ்எல்’ (எக்ஸ்ட்ரா லோடு, கூடுதல் எடைக்கான வகை) என்று இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், அந்த 1060 கிலோ 42 பிஎஸ்ஐ காற்றில் மட்டும்தான். சாதாரண டயருக்கு 36 பிஎஸ்ஐ போதும். ஆகவே இரண்டிலும் 33 பிஎஸ்ஐ வைத்துக் கணக்குப் போட்டால் 108 எண் உள்ள சாதாரண டயர் ஏறக்குறைய 935 கிலோ தாங்கும். 110 எக்ஸ்எல் டயர் 880-ஐ ஒட்டித்தான் நிற்கும். எண் கூடியிருக்கிறது, தாங்கும் எடை குறைந்திருக்கிறது. ஈடுகட்ட வேண்டுமென்றால் காற்றைக் கூட்ட வேண்டும், கூட்டினால் பின்பக்கம் துள்ளும். முதலில் சொன்ன கதைக்கே திரும்பி வந்துவிட்டோம். அமெரிக்காவில், கார் டயரைப் பிக்கப்பில் மாட்டினால் அதன் தாங்கும் எடையை 1.1-ஆல் வகுத்துக்கொள்ள வேண்டும் என்று விதியே இருக்கிறது. பிக்கப் டயரின் பாடு வேறு என்பது அவர்களுக்குத் தெரியும்.

ரிம்முக்கும் இதே போல் எடை எண் உண்டு. உள்பக்கம் பொறித்திருப்பார்கள். வி-கிராஸுக்கு ஆறு போல்ட், 139.7 மில்லிமீட்டர் வட்டம். போல்ட் ஓட்டை பொருந்திவிட்டால் போதும் என்று காருக்கு வார்த்த சக்கரத்தை மாட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். எடை எண் பொறிக்காத ரிம்மைத் தொடாதீர்கள். சக்கரம் பாடியை விட்டு வெளியே நீண்டால் வண்டியின் அமைப்பை மாற்றுவது பற்றிய 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவும் குறுக்கே வரும். நீங்கள் வாரா வாரம் கேரளா போகிறவர், மாற்றம் செய்த வண்டிகளை அங்கே எவ்வளவு கண்டிப்பாகப் பிடிக்கிறார்கள் என்று சொல்லத் தேவையில்லை.

பிக்கப்பைப் பந்தயக் கார் ஆக்கும் ஆசை ஒன்றும் புதிதல்ல. 1991-இல் ஜிஎம்சி நிறுவனம் சைக்ளோன் என்று ஒரு பிக்கப்பை விற்றது. டர்போ வி6 எஞ்சின், 280 குதிரைத்திறன், நான்கு சக்கர இழுவை, 245/50 ஆர்16 அளவில் தார் ரோட்டு டயர். நிற்கும் நிலையிலிருந்து புறப்படுவதில் அன்றைய ஸ்போர்ட்ஸ் கார்கள் பலவற்றை அது முந்தியது. எவ்வளவு லோடு ஏற்றலாம் என்று கம்பெனியே சொன்னது தெரியுமா? 500 பவுண்டு, அதாவது 227 கிலோ. உங்கள் ஆறு உரமூட்டை அதைத் தாண்டிவிடும்! அந்த வண்டியைக் குறை சொல்லவில்லை, எனக்கு ரொம்பப் பிடித்த வண்டிகளில் ஒன்று. ஆனால் அதைக் கட்டியவர்கள் டயரோடு சேர்த்து வண்டியையே தாழ்த்தினார்கள், லோடையும் விட்டுக்கொடுத்தார்கள். உங்கள் வி-கிராஸ் உயரமாகத்தான் நிற்கும். உயரமான வண்டிக்கு அளவு மீறிப் பிடிக்கும் டயரைப் போட்டால் அவசரத்தில் ஸ்டியரிங்கை ஒடிக்கும்போது சறுக்க வேண்டிய வண்டி சாயப் பார்க்கும். கொஞ்சம் சறுக்குவது சாய்வதைவிட நல்லது.

சரி, என்ன வாங்குவது? அதே 255/60 ஆர்18 அளவில், எச்.டி. எனப்படும் நெடுஞ்சாலை டயர்களில் எஸ்யூவிக்கென்று செய்த மேல்தட்டு வகை. மிஷலின் பிரைமசி எஸ்யூவி, பிரிட்ஜ்ஸ்டோன் அலென்சா, யோகோஹாமா ஜியோலேண்டர் எச்.டி., அப்பல்லோ ஆப்டெரா எச்.டி. எல்லாம் இந்த இனம். உங்கள் அளவில் எது கையிருப்பில் இருக்கிறது என்பதைக் கடைதான் சொல்லும். 2020 ஜூனிலிருந்து டயர் இறக்குமதிக்கு அரசு உரிமம் கட்டாயம் என்பதால் சில வகைகள் விட்டுவிட்டுத்தான் வரும். கதவு ஸ்டிக்கரிலும் பழைய டயரிலும் உள்ள எடை எண்ணைவிடக் குறையக் கூடாது. வேக எழுத்து ‘எச்’ போதும், அது மணிக்கு 210 கிலோமீட்டருக்கு ஆனது. அதற்கு மேல் ‘வி’, ‘டபிள்யூ’ என்று போனால் காசுதான் போகும், உங்கள் வண்டி அந்த வேகத்துக்குப் போகவே போகாது. பக்கச் சுவரில் ‘டிராக்‌ஷன்’ என்ற சொல்லுக்குப் பக்கத்தில் ‘ஏ’ அல்லது ‘ஏஏ’ இருக்கிறதா என்று பாருங்கள். நனைந்த ரோட்டில் நேராகப் பிரேக் பிடிக்கும் திறனுக்கான மதிப்பெண் அது. ‘ட்ரெட்வேர்’ எண் உழைப்பைச் சொல்வது. பெரிய எண் அதிக நாள் ஓடும், சின்ன எண் பொதுவாக நன்றாகப் பிடிக்கும். ஒரே கம்பெனி டயர்களை ஒப்பிடும்போது மட்டும் இந்த எண்ணை நம்புங்கள், ஏனென்றால் அதைப் போட்டுக்கொள்வது கம்பெனிகளேதான். 400-லிருந்து 600-க்குள் இருப்பதை எடுத்தால் உங்கள் ஓட்டத்துக்குச் சரியாக இருக்கும்.

அழகுக்காகப் பெரிய சக்கரம் வேண்டும் என்று மனசு விடவே இல்லையென்றால் 255/55 ஆர்19 பாருங்கள். விட்டம் அச்சு மாறாமல் 763 மில்லிமீட்டர்; பக்கச் சுவரும் 140 மில்லிமீட்டர் மிஞ்சும். அதிலும் எக்ஸ்எல் கணக்கைப் பார்க்க மறக்காதீர்கள். அந்தப் பணத்துக்கு நல்ல ஷாக் அப்சார்பர் நான்கு போட்டுக்கொண்டால் வண்டி இன்னும் ஒட்டிக்கொண்டு போகும் என்பது என் கட்சி.

நான்கையும் ஒன்றாக மாற்றுங்கள். உங்களுடையது 4×4 என்பதால் இது மிக முக்கியம். முன்னும் பின்னும் வெவ்வேறு தேய்மானத்தில் டயர் இருந்து 4-எச் (நான்கு சக்கரமும் இழுக்கும் நிலை) போட்டால், சக்கரங்கள் சுற்றும் கணக்கு பொருந்தாமல், முன்னுக்கும் பின்னுக்கும் விசையைப் பிரித்துத் தரும் டிரான்ஸ்ஃபர் கேஸ் முறுக்கிக்கொள்ளும். ஸ்டெப்னியும் அதே அளவில் இருக்கட்டும். பணம் இடித்து இரண்டுதான் இப்போது முடியும் என்றால் புதியவை பின்னாலேயே போக வேண்டும். ஸ்டியரிங் முன்னால்தானே என்று கடையில் முன்னால் மாட்டப் பார்ப்பார்கள், விடாதீர்கள். முன்பக்கம் வழுக்கினால் காலை எடுத்துச் சமாளிக்கலாம். பின்பக்கம் வழுக்கினால் என்ன ஆகும் என்று வாளையாரில் பார்த்துவிட்டீர்கள்.

மாட்டிய பிறகு அலைன்மென்ட், பேலன்சிங் இரண்டும் உண்டு. முதல் 200, 300 கிலோமீட்டருக்கு, முக்கியமாக மழையில், நிதானமாக ஓட்டுங்கள். புது டயரின் மேல் வழவழப்பு போக அவ்வளவு ஓட வேண்டும். அப்புறம், பில் போடும் முன் ஐந்து டயரிலும் அந்த நான்கு இலக்கத்தை நீங்களே குனிந்து படியுங்கள். ஒருமுறை எனக்கு நான்கு டயர் புதிதாகவும் ஒன்று மூன்று வருடப் பழசாகவும் தந்தார்கள். அந்தப் பழசை இலக்கம் உள்பக்கம் போகும்படி திருப்பி மாட்டியிருந்ததால் வண்டியை மறுபடி ஜாக்கியில் ஏற்றும் வரை எனக்குத் தெரியவில்லை.