டீச்சரைக் கேளுங்கள்: பூண்டு தேய்த்த காந்தம்

பூமிதான் சூரியனைச் சுற்றுகிறது என்று 1543இல் நூல் வெளியிட்ட கோப்பர்நிக்கஸைப் பற்றிப் போன இதழில் நாலு வரி எழுதினேன். அதற்கு இவ்வளவு கடிதம் வரும் என்று நினைக்கவில்லை. ஏறக்குறைய எல்லாமே அறிவியல் புரட்சி என்று சொல்லப்படும் 1543 முதல் 1700 வரையிலான ஐரோப்பாவைச் சுற்றியே இருந்ததால், இந்த முறை அந்தக் கேள்விகளுக்கு மட்டும் பதில். இடி மின்னல் பற்றிக் கேட்டவர்கள் ஒரு மாதம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: அறிவியல் புரட்சி என்கிறார்கள். அதற்கு முன்னால் இருந்தவர்களுக்கு யோசிக்கத் தெரியாதா? திடீரென்று எல்லோருக்கும் மூளை வளர்ந்துவிட்டதா? – வரலாறு படிக்கும் மாணவர்

மூளை அதேதான். கோழிமுட்டையை உடைத்துப் பார்த்து, மூன்று நாள் ஆனதும் இதயம் ஒரு ரத்தப் புள்ளியாகத் துடிப்பதை எழுதிவைத்தவர் கிரேக்க அறிஞர் அரிஸ்டாட்டில். அதை எழுதி 2,300 வருஷத்துக்கு மேல் ஆகிறது. பார்க்கத் தெரியாத ஆளா அவர்? அவருக்குப் பின்னால் வந்த பலர் முட்டையை விட்டுவிட்டு, அவருடைய புத்தகத்தையே உடைத்து உடைத்துப் பார்த்துக்கொண்டிருந்ததுதான் கோளாறு.

எனக்குப் பிடித்த உதாரணம் பூண்டு. காந்தக்கல்லில் பூண்டைத் தேய்த்தால் அது இரும்பை இழுக்காது என்று கிரேக்க எழுத்தாளர் புளூட்டார்க் காலத்திலிருந்தே எழுதிவந்தார்கள். ஒருவர் எழுதியதைப் பார்த்து இன்னொருவர் என்று 1,500 வருஷம் ஓடியது. வேண்டியதெல்லாம் ஒரு காந்தக்கல், ஒரு பல் பூண்டு, ஒரு ஊசி. நேப்பிள்ஸ் நகரத்து தெல்லா போர்ட்டா என்பவர் கடைசியில், காந்த ஊசியை நம்பி வழி பார்க்கும் கப்பல்காரர்களிடமே போய்க் கேட்டார். அது கிழவிகள் கட்டிய கதை, உயிரை விட்டாலும் விடுவோம், பூண்டு வெங்காயத்தை விடமாட்டோம் என்று அவர்கள் சொல்லிவிட்டார்கள். மனிதர் அதோடு விடவில்லை. தானே பூண்டு தின்று காந்தத்தின்மேல் ஏப்பம் விட்டுப் பார்த்தார். பிறகு பூண்டுச் சாற்றைக் கல் முழுக்கப் பூசினார். அது பாட்டுக்கு இரும்பை இழுத்தது. 1589இல் வெளிவந்த நூலில் இதை எழுதியிருக்கிறார்.

அந்த ஏப்பத்தை நான் சின்ன விஷயமாக நினைக்கவில்லை. ஆனால் அவரைத் தலையில் தூக்கிவைத்துக்கொள்ள வேண்டாம். அதே நூலில், அழுகலிலிருந்து உயிரினங்கள் பிறக்கும் என்று நம்பி எழுதியவரும் அவர்தான்.

கேள்வி: டீச்சர், கடைசி பெஞ்ச் நான். பைசா கோபுரத்திலிருந்து கலிலியோ ரெண்டு குண்டு போட்ட கதையை நீங்கள்தான் எங்களுக்குச் சொன்னீர்கள். அப்படி ஒன்று நடக்கவே இல்லை என்கிறான் என் மகன். யாரை நம்புவது? – பழைய மாணவர்

என்னை நம்பாதே. முப்பத்தோரு வருஷம் அந்தக் கதையைச் சொல்லியிருக்கிறேன். மேசைமேல் ஏறி நின்று ஒரு கையில் சாக்பீஸ், இன்னொரு கையில் டஸ்டர் என்று போட்டும் காட்டியிருக்கிறேன். உனக்கு ஞாபகம் இருக்கும், டஸ்டர் தூள் உன் மேல்தான் கொட்டியது. ஒருநாள்கூட ‘இதை முதலில் சொன்னது யார்’ என்று நான் தேடவில்லை. பூண்டுக் கதையைக் காப்பியடித்தவர்களுக்கும் எனக்கும் வித்தியாசம் எதுவும் இல்லை.

சொன்னவர் விவியானி, கலிலியோவின் கடைசிக் காலத்தில் கூட இருந்த இளைஞர். கலிலியோ இறந்து பல வருஷம் கழித்து அவர் எழுதிய வாழ்க்கை வரலாற்றில்தான் கோபுரம் வருகிறது. பைசாவில் குண்டு போட்டதாகக் கலிலியோ தன் நூல் எதிலும் எழுதவில்லை. அதற்காக, நடக்கவே இல்லை என்று உன் மகன் அடித்துச் சொல்லவும் முடியாது. ஆதாரம் மெலிசு, அவ்வளவுதான். உண்மையில் போட்டுப் பார்த்து அச்சிலும் எழுதியவர் நெதர்லாந்தின் சைமன் ஸ்டீவின். ஒன்றைவிட ஒன்று பத்து மடங்கு கனமான இரண்டு ஈயக் குண்டுகளை 30 அடி உயரத்திலிருந்து ஒரு பலகைமேல் விழவிட்டார். காதுக்கு ஒரே சத்தமாகத்தான் கேட்டது. 1586இல், கலிலியோவுக்கு 22 வயதாக இருக்கும்போது, இதை அச்சிட்டுவிட்டார்.

கலிலியோ செய்தது என்று நமக்கு நிச்சயமாகத் தெரிந்த சோதனை கோபுரக் கதையைவிட நன்றாக இருக்கும். இத்தனை வருஷம் அதை வகுப்பில் சொல்லாமல் விட்டேனே என்று இப்போது அடித்துக்கொள்கிறேன். நேராக விழுகிற பொருளை அளக்க முடியாது, கண் சிமிட்டுவதற்குள் தரைக்கு வந்துவிடும். அதனால் அவர் விழுவதையே மெதுவாக்கினார். சுமார் 12 முழ நீளமுள்ள ஒரு மரக்கட்டையில் நேராக ஒரு பள்ளம் வெட்டி, வழவழப்பான தோல்தாளை அதில் ஒட்டி, கட்டையைச் சற்றே சாய்த்து, வெண்கலக் குண்டை உருட்டிவிட்டார். நொடி காட்டும் கடிகாரம் அப்போது ஏது? ஒரு பாத்திரத்தில் தண்ணீர் நிரப்பி, அடியில் மெல்லிய குழாய் வைத்து, குண்டு உருளும் நேரத்தில் வடிந்த தண்ணீரைக் கிளாஸில் பிடித்துத் தராசில் நிறுத்தார். நேரத்தை எடை போட்டார்!

முதல் இடைவெளியில் 1 பங்கு தூரம் போனால், அடுத்த இடைவெளியில் 3, அதற்கடுத்து 5, பிறகு 7. குண்டு உருளுவதில் இப்படி ஒற்றைப்படை எண்கள் வரிசைகட்டி நின்றன. ஏன் விழுகிறது என்பதை இப்போதைக்கு ஆராயப்போவதில்லை, எப்படி விழுகிறது என்பதை மட்டும் பார்ப்போம் என்று அவரே எழுதியிருக்கிறார். அரிஸ்டாட்டில் வழியில் வந்தவர்களுக்கு இது அரைகுறை வேலையாகத்தான் தெரிந்திருக்கும். வீட்டுக் காவலில் இருந்துகொண்டு எழுதி முடித்த அந்தப் புத்தகம் 1638இல் லைடன் நகரத்தில் அச்சானது.

கேள்வி: நான் செவிலியர். ரத்தம் உடம்பைச் சுற்றி வருகிறது என்று தெரிய 1628 வரை ஏன் ஆனது? கையில் ஒரு பட்டியைக் கட்டினாலே தெரியுமே? – பெயர் வேண்டாம் என்ற வாசகி

உங்களுக்குத் தெரியும், ஏனென்றால் உங்களுக்கு யாரோ சொல்லித்தந்திருக்கிறார்கள். ரத்தம் எடுத்து நோய் தீர்த்தவர்கள் தினமும் இதே பட்டியைக் கட்டினார்கள். கட்டுக்குக் கீழே நாளம் புடைப்பதையும் பார்த்தார்கள். ஆனால் பழைய கிரேக்க மருத்துவர் கேலன் சொன்ன கணக்கு வேறு: சாப்பாட்டிலிருந்து கல்லீரல் ரத்தத்தைச் செய்கிறது, அது உடம்பெங்கும் போய்ச் செலவாகிவிடுகிறது, மறுபடி புதிதாக ஊறுகிறது. வயலுக்குப் பாயும் தண்ணீர் மாதிரி. போனது திரும்பி வராது.

ரத்தம் சுற்றி வருகிறது என்று 1628இல் நூல் எழுதிய இங்கிலாந்து மருத்துவர் வில்லியம் ஹார்வி. அவர் படித்த இத்தாலியின் பதுவா பல்கலைக்கழகத்தில் அவருடைய ஆசிரியர் ஃபாப்ரீசியஸ், சிரைகளுக்குள் (இதயத்துக்கு ரத்தம் கொண்டுவரும் நாளங்கள்) இருக்கும் வால்வுகளைக் கண்ணால் பார்த்து, படமும் போட்டு வெளியிட்டவர். அதை வைத்துக்கொண்டு என்ன சொன்னார் தெரியுமா? ரத்தமெல்லாம் கையிலும் காலிலும் போய்த் தேங்கிவிடாமல் அவை வேகத்தைக் குறைக்கின்றன என்று. கதவு கையிலேயே இருந்தும் அது எந்தப் பக்கம் திறக்கும் என்று பார்க்கவில்லை.

ஹார்வி பெருக்கல் கணக்குப் போட்டார். இதயம் ஒரு துடிப்புக்கு அரை அவுன்ஸ் ரத்தம் தள்ளுவதாக வைத்துக்கொண்டார் (இன்றைய அளவோடு பார்த்தால் இது மிகக் குறைவு. ஆனால் குறைவாக வைத்தே ஜெயிக்கலாம் என்று அவருக்குத் தெரியும்). அரை மணி நேரத்தில் ஆயிரம் துடிப்பு. ஆக 500 அவுன்ஸ், 14 கிலோவுக்கும் மேல். ஒரு மனிதனை முழுக்க வடித்தாலும் அவ்வளவு வராது. அரை மணிக்கு ஒருமுறை 14 கிலோ ரத்தம் செய்ய எந்தச் சாப்பாட்டால் முடியும்? ஆக, அதே ரத்தம்தான் திரும்பி வர வேண்டும். நான்காம் வகுப்புக் கணக்கு. கேலனுக்கும் ஹார்விக்கும் நடுவே 1,400 வருஷத்துக்கு மேல்.

பிறகுதான் பட்டி. மேல்கையில் கட்டி, புடைத்த சிரையை விரலால் அழுத்தி, ரத்தத்தை உள்ளங்கையை நோக்கித் தள்ளிப் பாருங்கள். வால்வு இருக்கும் முடிச்சைத் தாண்டிப் போகாது. இதயப் பக்கமாகத் தள்ளினால் தடையில்லாமல் போகும். அவருடைய நூலில் இருக்கும் ஒரே படம் இந்தக் கைகள்தான். என் கையிலேயே செய்து பார்த்தேன், முதுமையில் நாளங்கள் எடுப்பாகத் தெரிவதில் இந்த ஒரு சௌகரியம்.

இதயத்திலிருந்து ரத்தம் கொண்டுபோகும் தமனியிலிருந்து சிரைக்கு ரத்தம் எந்த வழியாகப் போகிறது என்பதை ஹார்வி பார்க்கவில்லை. வழி இருந்தே தீர வேண்டும் என்று கணக்கு சொன்னது. அவர் இறந்து நாலு வருஷம் கழித்து, 1661இல், இத்தாலிய மருத்துவர் மால்பீகி தவளையின் நுரையீரலை நுண்ணோக்கியில் வைத்தபோது அந்த மெல்லிய தந்துகிகள் தெரிந்தன. இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன்: வலது இதயத்திலிருந்து நுரையீரல் வழியாகத்தான் இடது பக்கத்துக்கு ரத்தம் வருகிறது என்று 13ஆம் நூற்றாண்டிலேயே கெய்ரோவில் இப்னு அல்-நஃபீஸ் எழுதிவிட்டார். ஹார்வியோடுதான் எல்லாம் தொடங்கியது என்று யாராவது சொன்னால் கொஞ்சம் முகம் சுளியுங்கள்.

புத்தகம் வந்த பிறகு ஹார்வியிடம் வரும் நோயாளிகள் குறைந்துபோனார்களாம், அவரைத் தெரிந்த ஜான் ஆப்ரி எழுதிவைத்திருக்கிறார். சிகிச்சைக்காக ரத்தம் எடுப்பதோ அதன் பிறகும் இருநூறு வருஷம் நிற்கவில்லை.

கேள்வி: டீச்சர் பாட்டி, அழுகிப்போன இறைச்சியில் புழு தானாக வருமா? – ஆறாம் வகுப்பு

வராது கண்ணு. நீ கேட்டதையே ஃப்ளாரன்ஸ் நகரத்தில் பிரான்செஸ்கோ ரெடி என்ற அரண்மனை மருத்துவர் கேட்டார். சில ஜாடிகளில் இறைச்சியும் மீனும் போட்டுத் திறந்து வைத்தார். சிலவற்றை மூடிவைத்தார். திறந்த ஜாடியில் ஈ உட்கார்ந்தது, புழு வந்தது. மூடியதில் வரவில்லை. ‘காற்றுப் போகாததால்தான் புழு வரவில்லை’ என்று யாராவது சண்டைக்கு வருவார்களே? அதனால் மெல்லிய வலைத்துணி கட்டியும் வைத்தார். காற்றுப் போனது, ஈ போக முடியவில்லை, இறைச்சியில் புழு இல்லை. 1668இல் புத்தகமாக எழுதினார்.

அவருக்குக் கொஞ்சம் முன்னால் வான் ஹெல்மான்ட் என்று ஒருவர். அழுக்குச் சட்டையையும் கோதுமையையும் ஒன்றாகப் போட்டு வைத்தால் 21 நாளில் எலி பிறக்கும் என்று செய்முறையே எழுதியவர். சிரிக்கிறாயா? சிரி. ஆனால் அதே ஆள், 200 பவுண்டு காய்ந்த மண்ணில் 5 பவுண்டு வில்லோ மரக்கன்றை நட்டு, ஐந்து வருஷம் தண்ணீர் மட்டும் ஊற்றி, திரும்ப எடை பார்த்தார். மரம் 169 பவுண்டுக்கு மேல். மண்ணில் குறைந்தது சுமார் 2 அவுன்ஸ்தான். மரம் மண்ணைத் தின்று வளரவில்லை என்று அருமையாகக் காட்டினார். அப்படியானால் முழுக்கத் தண்ணீரால்தான் ஆனது என்று முடித்தார், அது தப்பு. காற்றிலிருந்தும் மரம் எடுத்துக்கொள்கிறது என்று அவருக்குத் தெரியாது. ரெடியும் ஓர் இடத்தில் சறுக்கினார்: மரத்தின் இலையில் வீங்கும் முடிச்சுக்குள் இருக்கும் பூச்சியை மரமே உண்டாக்குகிறது என்று நம்பினார். ஜாடி வைத்துப் பார்க்காத இடத்தில் மாட்டிக்கொண்டார், பார்த்தாயா.

கேள்வி: இந்தப் பட்டியலில் பெண்களே கிடையாதா? – கல்லூரி விரிவுரையாளர்

உண்டு. பல்கலைக்கழகமும் அறிவியல் சங்கமும் கதவைச் சாத்தியிருந்ததால் வேறு வாசல் வழியாக வந்தார்கள். மரியா சிபில்லா மெரியன் 1647இல் ஃபிராங்க்ஃபர்ட்டில் பிறந்தவர். 13 வயதில் பட்டுப்புழு வளர்த்து, அது மாறுவதைப் பார்த்து வரையத் தொடங்கினார். புழு, கூடு, பூச்சி, அது தின்னும் செடி எல்லாவற்றையும் ஒரே படத்தில் வைத்தது அவருடைய கை. அதற்கு முன் பூச்சிகளை வரிசையாகக் குத்திவைத்த மாதிரி வரைவார்கள். எந்தப் பூச்சி எந்த இலையில் வாழ்கிறது என்று அதில் தெரியாது.

1699இல், 52 வயதில், இளைய மகளை அழைத்துக்கொண்டு தென் அமெரிக்காவின் சுரினாமுக்குக் கப்பலேறினார். இரண்டு வருஷம் கழித்து உடம்பு முடியாமல் திரும்பினார். 1705இல் 60 படங்களோடு நூல் வந்தது. அதில் என்னைத் தூங்கவிடாத ஒரு பகுதி இருக்கிறது. ஒரு செடியின் விதையைக் காட்டி, அடிமைப் பெண்கள் தங்கள் பிள்ளைகளும் அடிமையாகிவிடக் கூடாது என்று கருவைக் கலைக்க இதைப் பயன்படுத்துகிறார்கள், அவர்களே என்னிடம் சொன்னார்கள் என்று எழுதுகிறார். சொன்ன பெண்களின் பெயர் நூலில் இல்லை. இயற்கையைப் பற்றிய புது அறிவில் எவ்வளவு, இப்படிப் பெயரில்லாதவர்கள் வாயிலிருந்து வந்தது!

கேள்வி: லண்டன் ராயல் சொசைட்டி என்ற அறிவியல் சங்கத்தில் மூடநம்பிக்கைகளைக்கூட உட்கார்ந்து சோதித்தார்களாமே, நேரம் போகாமலா? – ஒரு வாசகர்

1661இல் யூனிகார்ன் (கதைகளில் வரும் ஒற்றைக்கொம்புக் குதிரை) கொம்புப் பொடி என்று ஒன்றை வட்டமாகத் தூவி, நடுவில் ஒரு சிலந்தியை விட்டார்கள். சிலந்தி வட்டத்தைத் தாண்டாது என்பது நம்பிக்கை. அது உடனே ஓடிப்போனது. திரும்பவும் விட்டார்கள், திரும்பவும் ஓடியது. குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார்கள். நேரம் போகாமல் செய்ததாக எனக்குத் தோன்றவில்லை.

கேள்வி: கலிலியோ பார்த்த வியாழனின் நிலாக்களைப் பார்க்கப் பெரிய தொலைநோக்கி வேண்டுமா? – பத்தாம் வகுப்பு மாணவி

வேண்டாம்மா. அவருடையதே சுமார் 20 மடங்கு பெரிதாக்கும் குழாய்தான். சாதாரண 10×50 பைனாகுலர் போதும். கை ஆடும், அதனால் சுவரில் சாய்ந்து முழங்கையை ஏதாவதொன்றில் ஊன்றிக்கொள். நோட்டில் நடுவே ஒரு வட்டம் போட்டு, புள்ளிகள் எந்தப் பக்கம் எத்தனை என்று தேதியோடு குறி. 1610 ஜனவரி 7 அன்று கலிலியோவுக்குத் தெரிந்தது கிழக்கே இரண்டு, மேற்கே ஒன்று. மறுநாள் மூன்றும் மேற்கே. 10ஆம் தேதி இரண்டுதான், இரண்டுமே கிழக்கே. 13ஆம் தேதி நாலு. பூமியைச் சுற்றாத பொருள்களும் வானத்தில் இருக்கின்றன என்று அந்த நோட்டு சொன்னது.

நான் முயன்றபோது இரண்டாம் ராத்திரியே மேகம் மூடிவிட்டது. எரிச்சலோடு உள்ளே வந்து கலிலியோவின் குறிப்பைப் புரட்டினேன். ஜனவரி 9: மேகம்.