பதில்: திருப்பூர் டி-ஷர்ட்டுக்கு டப்ளினில் மறுபடியும் 12% வரி ஏன்?

வணக்கம் நண்பரே. திருப்பூர் டி-ஷர்ட்டுகளுக்குப் பிரிட்டனில் ஒருமுறை இறக்குமதி வரி கட்டியாயிற்றே, டப்ளினில் மறுபடியும் ஏன் என்று கேட்டிருந்தீர்கள். இங்கிலாந்தின் லெஸ்டர் கிடங்கிலிருந்து, ஐரோப்பிய ஒன்றியத்தில் உள்ள அயர்லாந்தின் டப்ளினுக்கு அனுப்பிய சரக்குக்கு இரண்டாம் முறை வரி போட்டதில் தவறில்லை. 2021 முதல் அமலில் உள்ள பிரிட்டன்–ஐரோப்பிய ஒன்றிய ஒப்பந்தத்தின் வரிவிலக்கு, அந்த இரு தரப்பில் உற்பத்தியான பொருளுக்கு மட்டுமே. லேபிள் மாற்றினாலும், பெட்டி மாற்றிக் கட்டினாலும் சட்டை இந்தியச் சட்டைதான். இதில் ஏமாறாதவர் குறைவு.

இனி வரும் சரக்கில் அயர்லாந்துக்கான பங்கைத் திருப்பூரிலேயே பிரித்து நேராக டப்ளினுக்கு அனுப்பச் சொல்லுங்கள். அங்கே தனி இஓஆர்ஐ எண் (சுங்கத்தில் வணிகருக்கான பதிவு எண்) வேண்டும். பிரிட்டன் தரும் ஜிபி எண் செல்லாது. ஐரோப்பாவில் உங்களுக்கு நிறுவனம் இல்லையென்றால், சுங்கத்தில் உங்களுக்காகப் பொறுப்பேற்கும் மறைமுகப் பிரதிநிதியும் தேவை. கட்டணம் கொஞ்சம் கடிக்கும்.

லெஸ்டர் வழிதான் என்றால், பிரிட்டனில் வரி கட்டுமுன்பே சுங்கக் கண்காணிப்புக் கிடங்கில் இறக்கி, டி1 ஆவணத்தில் (வரி கட்டாத சரக்கைச் சுங்கக் கண்காணிப்பில் கொண்டுசெல்லும் ஆவணம்) டப்ளினுக்கு அனுப்புங்கள். பிரிட்டனில் வரி கட்டிய பிறகு, மறு ஏற்றுமதி என்பதற்காக மட்டும் பணம் திரும்பாது.