வாசகர் கேள்வி: மக ஆராய்ச்சிக்குப் போறேங்குறா

கேள்வி: அண்ணே, மக எம்.பி.பி.எஸ். முடிச்சிட்டா. எம்.டி. படிப்பான்னு பாத்தா, ஹார்ட் ஸ்கேனை கம்ப்யூட்டர்ல வச்சு ஆராய்ச்சி பண்ணப்போறேங்குறா. நோயாளி கையப் பிடிச்சுப் பாக்காத டாக்டர் எதுக்குன்னு அவ அப்பத்தா கேக்குறாக. நீங்க என்ன சொல்றீக? (வாசகி, தேவகோட்டை)

பதில்: தாராளமா அனுப்புங்க ஆச்சி. அப்பத்தா கேக்குறது நியாயந்தான், ஆனா இந்த வேலையிலயும் நோயாளி இருக்காரு. ஹார்ட் எம்.ஆர்.ஐ. எடுத்தா இதயம் துண்டு துண்டா படமா வரும், ஒவ்வொண்ணுலயும் இடது கீழறையோட உள்சுவரை கோடு போட்டு வரையணும், விரிஞ்சப்ப ஒண்ணு சுருங்குனப்ப ஒண்ணு, அதுலருந்துதான் ஒரு துடிப்புக்கு எத்தனை சதவீதம் ரத்தம் வெளிய போகுதுன்னு டாக்டருங்க சொல்ற ஈ.எஃப். கணக்கு வருது. வால்வு பக்கத்துத் துண்டுல இது கீழறையா மேலறையான்னே குழப்பும், சேத்தா ஒரு நம்பர், விட்டா வேற நம்பர். ஈ.எஃப். 35 சதவீதமோ அதுக்கும் கீழயோ இருந்தா பல பேருக்கு ஐ.சி.டி. கருவி, அதாவது துடிப்பு ஆபத்தா தாறுமாறானா ஷாக் குடுத்துச் சரிபண்ற கருவி, வைக்கணுமான்னு யோசிப்பாங்க, அப்ப அந்தக் கோடு எவ்வளவு பெரிய விஷயம் பாருங்க. அதை கம்ப்யூட்டருக்குச் சரியா கத்துக்குடுக்குறதுதான் இந்த வேலை.

இன்னொண்ணு, இது நம்ம ஆளுகளுக்குன்னே உள்ளது. எம்.ஒய்.பி.பி.சி.3ங்குற இதயத்தசை ஜீன்ல 25 டி.என்.ஏ. எழுத்து விட்டுப்போன மாற்றம் தெற்காசியாக்காரங்கள்ல சுமார் 4 சதவீதம் பேர்கிட்ட இருக்கு, வயசாக வயசாக ஹார்ட் ஃபெயிலியர் ஆபத்தைக் கூட்டுதுன்னு 2009ல நேச்சர் ஜெனடிக்ஸ்ங்குற ஆராய்ச்சி இதழ்ல வந்துச்சு, அதுல முன்னால நின்னவரு மதுரை காமராசர் பல்கலைக்கழகத்து பெருந்துறை தண்டபாணி. அந்த மாற்றம் இருக்குற எல்லாருக்கும் நோய் வர்றதில்ல. யாருக்கு வரும்னு முன்கூட்டியே கண்டுபிடிக்க ஜீனையும் ஸ்கேனையும் சேத்துப் படிக்கத் தெரிஞ்ச ஆள் வேணும். யு.கே. பயோபேங்க்னு பிரிட்டன்ல ஒரு ஆராய்ச்சித் தொகுப்பு, அதுல 5 லட்சம் பேரோட உடல்நலத் தகவல் இருக்கு, ஆனா பெரும்பாலும் வெள்ளைக்காரங்க. அதுல பழகுன சாஃப்ட்வேர் நம்ம இதயத்துக்கும் சரியா அளக்குதான்னு நம்ம பிள்ளைகதானே பாக்கணும்?

பணத்தையும் சொல்லிடுறேன். ஆராய்ச்சி பண்ற பிள்ளைகளுக்குக் குடுக்குற ஜே.ஆர்.எஃப். உதவித்தொகை மாசம் 37,000 ரூபா, கிளினிக் வருமானத்தோட ஒப்பிடாதீக. புரோகிராம் எழுதுறதுக்கு முன்னாடி ஒரு ரேடியாலஜிஸ்ட், அதான் ஸ்கேன் படம் பாத்துச் சொல்ற டாக்டர், பக்கத்துல உக்காந்து கொஞ்ச நாள் கையால கோடு போட்டுப் பழகச் சொல்லுங்க, அது கட்டாயம்.

கேள்வி: நான் பி.எஸ்சி. கணிதம். டாக்டர் இல்லாம இதுக்கு வரலாமா சார்? (மாணவர், காரைக்குடி)

பதில்: வரலாம் தம்பி, கணக்கு தெரிஞ்ச ஆளுக்குத்தான் இங்க தேவை ஜாஸ்தி. உங்க ஊர் அழகப்பா பல்கலைக்கழகத்துலயே பயோஇன்ஃபர்மேட்டிக்ஸ் (உயிரியல் தகவலை கம்ப்யூட்டர்ல ஆராயுற படிப்பு) துறை இருக்கு, போய் விசாரிங்க. பைத்தான்ங்குற கம்ப்யூட்டர் மொழியைக் கத்துக்கிட்டு, ஏ.சி.டி.சி.ன்னு 150 பேரோட ஹார்ட் எம்.ஆர்.ஐ. தொகுப்பு ஆராய்ச்சிக்கு இலவசமா கிடைக்குது, அதை இறக்கி இன்னைக்கே ஆரம்பிங்க.