பீர்க்கடை முன்னோரைத் தேடுவது: ஒரு கடிதம்

அன்புள்ள ஐயா,

பர்மிங்ஹாமில் இருக்கிறேன். கணவர் இங்கிலாந்துக்காரர். மகளுக்காக இரு வீட்டு வம்சாவளியையும் எழுதி வைக்கிறேன். கணவரின் எள்ளுத்தாத்தாவுக்கு அப்பா டட்லியை ஒட்டிய நெதர்ட்டன்காரர். 1851 சென்ஸஸில் ஆணி செய்பவர், 1861-இல் 'ஆணி செய்பவர், பீர் விற்பவர்', 1871-இல் 'ப்ரூவர்' (பீர் காய்ச்சுபவர்) என்று இருக்கிறது. பப்பின் பெயர் எங்கும் இல்லை. ஸ்டாஃபர்ட்ஷையரின் பழைய லைசென்ஸ் பதிவேடுகளில் தேடினேன், அவர் பெயர் கிடைக்கவில்லை. ப்ரூவர் என்றால் முதலாளியா, கூலிக்கு வேலை செய்தவரா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

நீங்கள் தேடியது வேறு கவுன்ட்டியில் (நம் மாவட்டம் மாதிரி). அந்தக் காலத்தில் நெதர்ட்டனையும் சேர்த்து டட்லி வொர்ஸ்டர்ஷையரைச் சேர்ந்தது. சுற்றிலும் ஸ்டாஃபர்ட்ஷையர், நடுவில் தீவு மாதிரி இந்த ஒரு ஊர். 1966 வரை அப்படித்தான் இருந்தது. ஆகவே அந்தக் கால கவுன்ட்டி நீதிமன்றக் காகிதங்களுக்கு வொர்ஸ்டர் ஆவணக்காப்பகத்தையும், ஊர் சார்ந்தவற்றுக்கு டட்லி ஆவணக்காப்பகத்தையும் கேளுங்கள். பழைய டைரக்டரிகளிலும் (ஊர்வாரியாகக் கடைக்காரர்கள், தொழில் செய்பவர்களின் பெயர்ப் பட்டியல்) வொர்ஸ்டர்ஷையர் தொகுதியைத்தான் எடுக்க வேண்டும்.

ஆனால் வொர்ஸ்டரில் தேடினாலும் 1861-க்கு அவர் பெயர் அநேகமாகக் கிடைக்காது. அதற்குக் காரணம் சட்டம். 1753 முதல் 1828 வரை பப் நடத்தியவர்கள் மாஜிஸ்திரேட்டிடம் எழுதிக்கொடுத்த பிணைப் பத்திரங்களைப் பதிவேட்டில் ஏற்ற வேண்டியிருந்தது. அந்த 75 ஆண்டுகள்தான் தேடுபவர்களுக்குப் பொற்காலம். 1830-இல் வந்த பீர்ஹவுஸ் சட்டம் மாஜிஸ்திரேட்டை ஒதுக்கிவிட்டது. வரி கட்டும் எந்த வீட்டுக்காரரும் கலால் துறையில் 2 கினி (2 பவுண்டு 2 ஷில்லிங்) கட்டி, சொந்த வீட்டிலேயே பீர் விற்கலாம் என்றானது. ஆணி அடித்தவர், கொல்லர், செருப்பு தைத்தவர் எல்லாரும் முன்னறையில் கடை போட்டது அப்போதுதான். அந்தக் கலால் லைசென்ஸ் காகிதங்கள் பெரும்பாலும் அழிந்துவிட்டன. 1869-இல் பீர்ஹவுஸ்கள் மறுபடி மாஜிஸ்திரேட்டிடம் வந்தன. 1872 சட்டம் லைசென்ஸ் பதிவேட்டைக் கட்டாயமாக்கியது. ஆக 1830-க்கும் 1869-க்கும் இடையில் பதிவேட்டில் பெயர் இல்லை என்றால், ஆள் கடை நடத்தவில்லை என்று அர்த்தமில்லை.

அதனால் ஆளை விட்டுவிட்டுக் கட்டடத்தைப் பிடியுங்கள். 1840-க்குப் பிறகு பீர்ஹவுஸ் லைசென்ஸ்காரர் கடை இருக்கும் வீட்டிலேயே குடியிருக்க வேண்டியிருந்தது. அதாவது 1861 சென்ஸஸில் அவர் குடும்பம் இருக்கும் வீடுதான் கடை. கதவு எண்ணை நம்பாதீர்கள், அது அடிக்கடி மாறியது. கணக்கெடுத்தவர் வீடு வீடாக நடந்த வரிசையில் முன்னும் பின்னும் நான்கைந்து பக்கம் புரட்டி, பெயர் தெரிந்த ஒரு பப்பையோ சர்ச்சையோ தெரு முனையையோ கண்டுபிடியுங்கள். அதை வைத்து ஆர்டனன்ஸ் சர்வேயின் (பிரிட்டிஷ் அரசின் நில அளவைத் துறை) பெரிய அளவு மேப்பில் இடத்தைக் குறியுங்கள். ஸ்காட்லாந்து தேசிய நூலகத்தின் தளத்தில் அவை இலவசம். பிறகு 1872-க்குப் பிந்தைய பதிவேட்டில் அந்தத் தெருவைத் தேடுங்கள். 1869-க்கு முன்பே இருந்த பீர்ஹவுஸ்களுக்கு மட்டும் சட்டம் தனிப் பாதுகாப்பு கொடுத்தது; குறிப்பிட்ட நான்கு காரணங்கள் தவிர வேறு எதற்காகவும் லைசென்ஸைப் புதுப்பிக்க அப்போது மறுக்க முடியாது. அதனால் பிற்காலப் பதிவேடுகளில் '1869-க்கு முந்தையது' என்ற குறிப்பு வருவதுண்டு. உங்கள் தெருவில் அந்தக் குறிப்போடு ஒரு கடை இருந்தால், கட்டட உரிமையாளர் பெயரும் லைசென்ஸ் கைமாறிய தேதிகளும் அந்த வரியிலேயே வரிசையாக இருக்கும்.

அவர் பெயர் திடீரென்று மறைந்தால் மனைவி பெயரைப் பாருங்கள். கணவர் ஆணி அடிக்க, கடையை உண்மையில் நடத்தியது மனைவியாகவே இருந்திருக்கும். கணவர் இறந்ததும் லைசென்ஸ் விதவைக்கு வரும். அவர் மறுமணம் செய்தால் புதுக் கணவர் பெயருக்குப் போகும். கடை கைமாறிவிட்டது என்று நினைத்துப் பலர் தேடலை இங்கே நிறுத்திவிடுகிறார்கள். கடை அதே குடும்பத்தில்தான் இருக்கும்.

இனி முதலாளியா, தொழிலாளியா என்ற கேள்வி. 1871, 1881 சென்ஸஸில் தொழிலுக்குப் பக்கத்தில் 'இத்தனை ஆட்களுக்கு வேலை தருபவர்' என்று இருந்தால் முதலாளி. எதுவும் இல்லையென்றால் முடிவு கட்ட வேண்டாம், பலர் எழுதாமல் விட்டார்கள். 1891 முதல் இதற்கென்றே தனிக் கட்டம் உண்டு. கூலியாள் என்றால் 'ப்ரூவர்ஸ் லேபரர்' என்று போடுவது வழக்கம். நெதர்ட்டன் பக்கத்தில் மூன்றாவது ஒரு வகையும் உண்டு, உங்களவர் அதுவாக இருக்கவே வாய்ப்பு அதிகம்: பின்கட்டில் தானே பீர் காய்ச்சி முன்னறையில் விற்றவர். டைரக்டரியில் இவர்களை 'ரீட்டெய்ல் ப்ரூவர்' என்று போடுவார்கள்.

காய்ச்சிய அளவு ஏல விளம்பரத்தில் தெரியும். கடை விற்பனைக்கு வரும்போது உள்ளூர்ப் பத்திரிகையில் '4 குவார்ட்டர் பிளான்ட்' என்பது போலப் போடுவார்கள். ஒரு தடவையில் ஊறவைக்கக்கூடிய மால்ட்டின் (முளைகட்டி உலர்த்திய பார்லி) அளவு அது. ஒரு குவார்ட்டர் 336 பவுண்டு, சுமார் 152 கிலோ. 1880-இல் மால்ட் வரியை எடுத்துவிட்டு பீருக்கு வரி போட்டபோது அரசு வைத்த கணக்குப்படி ஒரு குவார்ட்டருக்கு 4 பேரல், பேரலுக்கு 36 கேலன். ஆக அந்த பிளான்ட்டில் ஒரு தடவைக்கு 16 பேரல், சுமார் 2,600 லிட்டர். ஒரே கடைக்கு அது அதிகம். அக்கம்பக்கக் கடைகளுக்கும் கொடுத்திருப்பார் என்று ஊகிக்கலாம்.

பத்திரிகையில் தேடும்போது பப் பெயரை மட்டும் போட்டால் சாவு விசாரணைச் செய்திகள் குவியும். அந்த விசாரணைகளை பப்பில் வைத்துத்தான் நடத்தினார்கள். ஆள் பெயரோடு 'லைசென்ஸ் மாற்றம்' என்று சேர்த்துப் போடுங்கள். லைசென்ஸ் புதுப்பிக்கும் ஆண்டுக் கூட்டம் அப்போது ஆகஸ்ட், செப்டம்பரில் நடந்தது. 1869-ஆம் ஆண்டின் அந்த இரண்டு மாத இதழ்களை வரி விடாமல் படியுங்கள்.

சிறு ப்ரூவரிகளைப் பெரிய ப்ரூவரிகள் வாங்கியது பெரும்பாலும் அவற்றின் கையிலிருந்த பப்புகளுக்காக. பத்திரக் கட்டும் கூடவே போய்விடும். எனவே உங்களவர் கடையைப் பிற்பாடு யார் வாங்கினார்கள் என்று தெரிந்துகொண்டு, வாங்கிய கம்பெனியின் பெயரை தேசிய ஆவணக்காப்பகத்தின் 'டிஸ்கவரி' பட்டியலில் தேடுங்கள். வீட்டுப் பத்திரத்தில் அவர் கையெழுத்தே இருக்கலாம்.

நெதர்ட்டனில் ஓல்ட் ஸ்வான் இன்றும் நிற்கிறது. 1970-களின் தொடக்கத்தில் இங்கிலாந்தில் தானே பீர் காய்ச்சிய பழைய பப்புகள் நான்குதான் மிஞ்சின, அதில் இது ஒன்று. ப்ரூஹவுஸ் பின்னால் இருக்கிறது. மகளைக் கூட்டிப்போய்க் காட்டுங்கள்.