திசையில்லாத வெக்டரை என்ன செய்ய? – கேள்வி பதில்

பாளையங்கோட்டை, கல்லூரி மாணவர்: அண்ணாச்சி, பூச்சிய வெக்டரை மட்டும் ஏன் அலகு வெக்டராக்க முடியாது?

வெக்டர் என்பது நீளமும் திசையும் உள்ள அம்பு; திசையை மாற்றாமல் நீளத்தை 1 ஆக்கினால் அது அலகு வெக்டர். (3, 4) என்பதன் நீளம் 5. அந்த நீளத்தால் வகுத்தால் (0.6, 0.8), திசை மாறாது, நீளம் 1. (0, 0)-க்கு நீளமே 0, அதால் வகுக்க முடியாது. சரி, பக்கத்தில் போய்ப் பார்ப்போம் என்று (0.001, 0) போலக் கிழக்கிலிருந்து சுருக்கிக்கொண்டே வாருங்கள் தம்பி, விடை எப்போதும் (1, 0). வடக்கிலிருந்து வந்தால் (0, 1). எதை எடுப்பது? ஊருக்கே கிளம்பாத ஆளிடம் எந்த பஸ் என்று கேட்ட கதைதான்.

தென்காசி, கேம் எழுதுபவர்: ஜாய்ஸ்டிக்கை விட்டதும் ஆள் திரையிலிருந்து மறைந்துவிடுகிறான். பிழைச் செய்தியும் இல்லை.

ஜாய்ஸ்டிக்கை விட்டால் வெக்டர் (0, 0). 0-ஐ 0-ஆல் வகுத்து 'நேன்' (NaN, 'எண்ணே இல்லை' என்ற குறி) வந்திருக்கும். ப்ளோட் (தசம) எண்களில் அது பெரும்பாலும் நிரலை நிறுத்தாது. எதோடு கூட்டினாலும் நேன்தான். இருப்பிடத்தில் ஒருமுறை புகுந்தால் ஆள் போனவன் போனவன்தான். முதலில் நீளத்தைச் சோதியுங்கள். மிகச் சிறியதென்றால் பூச்சியத்தையே திருப்பிக் கொடுங்கள். கேம் எழுதும் மென்பொருளான யூனிட்டியில், அலகு வெக்டர் தரும் 'நார்மலைஸ்டு' செய்வதும் இதுதான். முகம் பார்க்கும் திசைக்கு மட்டும் கடைசித் திசையை வைத்திருங்கள்.

அம்பாசமுத்திரம்: நீளத்தோடு 0.00000001 கூட்டி வகுத்தால் போதாதா?

வகுத்தல் நடந்துவிடும். ஆனால் அதே 0.00000001 நீளமுள்ள வெக்டர் வந்தால் விடையின் நீளம் 0.5. அலகு வெக்டர் என்று நம்பிய அடுத்த வரி தப்பாகும். எனக்கு இந்த ஒட்டுவேலை பிடிக்காது.

பணகுடி, காற்றாலைப் பணியாளர்: சில மணி நேரம் காற்று வேகம் 0 என்று பதிவாகிறது. திசைச் சராசரியில் எப்படிச் சேர்ப்பது?

சேர்க்காதீர்கள். 'காற்றில்லை' என்று தனியாக எண்ணுங்கள். விமான நிலைய வானிலை அறிக்கையில் இதை அழகாகத் தீர்த்திருக்கிறார்கள்: காற்றே இல்லையென்றால் 00000, வடக்குக் காற்றென்றால் திசை 360. நம் நிரல்கள் அப்படி இல்லை. பல மொழிகளில் வெக்டரின் கோணத்தைச் சொல்லும் 'ஏடேன்2' (atan2)-க்கு இரண்டு பூச்சியம் கொடுத்தால் 0 டிகிரி என்று கூசாமல் சொல்லும், அது உங்கள் அட்டவணையில் வடக்காக ஏறிவிடும்.

ஆடியில் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக மேற்கே இருந்து காற்று அள்ளும்போது இந்தத் தொல்லை குறைவு. மற்ற மாதங்களில் காலையில் மேற்கு, மாலையில் கிழக்கு என்று ஒரே வேகத்தில் அடித்தால் கூட்டுத்தொகை பூச்சியமாகிவிடும். நாள் முழுக்கக் காற்று இருந்தது, சராசரிக்குத்தான் திசை இல்லை. கணக்கில் மிஞ்சும் துளியூண்டு பிழையை வைத்துக் கணினி ஏதாவது ஒரு திசையைச் சொல்லும். வேகச் சராசரியையும் பக்கத்தில் எழுதிவையுங்கள்.

சங்கரன்கோவில்: உரைத் தேடலில் காலி ஆவணம் வந்தால்?

தேடலில் ஒவ்வொரு ஆவணமும் ஒரு வெக்டர், காலி ஆவணம் பூச்சிய வெக்டர். பைத்தான் நூலகமான சைகிட்-லேர்ன், அலகு வெக்டராக்கும்போது அந்தப் பூச்சிய வரியைப் பூச்சியமாகவே விட்டுவிடும். அது தன்னோடும் ஒத்துப்போகாது, ஒற்றுமை மதிப்பு 0 தான் வரும். முன்னாடியே நீக்கிவிடுங்கள்.