பாலத்தின் மேல் பயம்: கடிதம்

அன்புள்ள ஐயா,

அடுத்த மாதம் சிட்னி போகிறேன். ஹார்பர் பாலத்தின் வளைவில் ஏற மகள் எனக்கும் சேர்த்துப் பதிவு செய்துவிட்டாள். எனக்கு இரண்டாம் மாடி பால்கனியிலேயே கால் கூசும். அவளிடம் சொல்ல வெட்கம். நீங்கள் ஏறியவர். பயத்தை எப்படி வென்றீர்கள்? பகலில் ஏறுவது நல்லதா, இரவிலா?

ராமநாதன்

அன்புள்ள ராமநாதன்,

பகலோ இரவோ, உங்கள் வசதி. இடுப்புப் பட்டையை ஏறுவதிலிருந்து இறங்கும்வரை கம்பியோடு பிணைத்தே வைப்பார்கள். அது பற்றிக் கவலை வேண்டாம்.

நான் எதையும் வெல்லவில்லை. இறங்கும்வரை பயம் கூடவே வந்தது. 134 மீட்டர் உயர உச்சிகூட அவ்வளவு மோசமில்லை, வளைவு அகலமானது. அதற்கு முன்னால் வரும் குறுகலான நடைபாதையும் செங்குத்தான ஏணிகளும்தான் என்னை உலுக்கின. பின்னால் வந்தவர் ‘கீழே பார்க்காதீங்க’ என்றார். தூரத்து வானத்தைப் பார்த்தேன், தலை இன்னும் சுற்றியது. சுற்றாமல் என்ன செய்யும்? உடம்பு நிலையாக நிற்கக் கண்ணுக்கு அருகில் அசையாத பொருள் ஒன்று வேண்டும். உயரத்தில் எல்லாமே தூரத்தில் இருக்கிறது. கீழே பார்க்காதே என்பவர்கள் எங்கே பார்ப்பது என்று சொல்வதே இல்லை.

என் கைக்குப் பக்கத்தில் ஒரு ரிவெட், அதாவது இரும்புத் தகடுகளை இணைக்கும் ஆணி, இருந்தது. சாம்பல் நிறப் பூச்சு ஏறிய உருண்டைத் தலை. அதையே பார்த்தேன், மூச்சு திரும்பியது. அப்புறம் அடுத்த ரிவெட். அந்தப் பாலத்தில் அப்படி ஏறத்தாழ 60 லட்சம். பாலம் கட்டியபோது ஒவ்வொன்றையும் உலையில் பழுக்கக் காய்ச்சித் தூக்கி எறிவார்கள். இன்னொருவர் வாளியில் பிடிப்பார். இடுப்பில் பட்டை கிடையாது. 1932இல் பாலம் திறப்பதற்குள் 16 தொழிலாளர்கள் செத்துப்போனார்கள். அவர்களைப் ‘பயமே அறியாதவர்கள்’ என்று யாராவது புகழ்ந்தால் எனக்குக் கோபம் வருகிறது. பயம் இல்லாமலா? வீட்டில் பிள்ளைகள் இருந்தார்கள், கூலி வேண்டியிருந்தது, அதனால் பயத்தோடு ஏறினார்கள். அந்தப் பயத்தையும் நாம் ஏன் அவர்களிடமிருந்து பிடுங்க வேண்டும்?

நீங்களோ பெற்ற மகளிடம் மறைக்கிறீர்கள். இதில் என்ன வெட்கம்? ஏணியில் உறைந்து நிற்கும்போதுதான் அவளுக்குத் தெரிய வேண்டுமா? இன்று இரவே சொல்லிவிடுங்கள். வழிகாட்டியிடமும் சொல்லுங்கள். எல்லாரும் ஒரே வரிசையில்தான் ஏற வேண்டும். மகளை உங்களுக்கு முன்னால் போகச் சொல்லுங்கள். ரிவெட் கண்ணில் படாவிட்டாலும் அவள் முதுகு பக்கத்தில் இருக்கும்.