புள்ளிக்குப் பின்னால் வரும் இரண்டு இலக்கம்

கழிப்பறைத் தடுப்பு (பொதுக் கழிப்பறையில் அறைகளைப் பிரிக்கும் பலகை) பற்றி இந்த மாதம் இத்தனை கடிதம் வரும் என்று நான் நினைக்கவில்லை. அமெரிக்க வேலைக்கு ஸ்பெக் எழுதுகிறவர்கள், வளைகுடாவில் கொள்முதல் பார்க்கிறவர்கள், சொந்தக் கட்டடத்துக்கு வாங்கி ஏமாந்தவர்கள் எல்லாரும் எழுதியிருக்கிறார்கள். ஸ்பெக் என்பது கட்டடத்தில் எந்தப் பொருளை எப்படிப் போட வேண்டும் என்று எழுதும் விவரக் குறிப்பு. அமெரிக்க முறையான மாஸ்டர்ஃபார்மேட்டில் அதன் ஒவ்வொரு பகுதிக்கும் (செக்‌ஷன்) ஓர் எண் உண்டு, கீழே வரும் 10 22, 10 21 13 எல்லாம் அந்த எண்கள்தான். கடிதங்களைச் சுருக்கித் தருகிறேன்.

கே: அமெரிக்கப் பள்ளிக்கூடம் ஒன்றுக்குச் சென்னையிலிருந்து ஸ்பெக் எழுதுகிறேன். கழிப்பறைத் தடுப்பை 10 22-இல் போட்டேன். அங்கேதானே 'பார்டிஷன்ஸ்' என்று இருக்கிறது? மேலாளர் தப்பு என்கிறார்.

ப: மேலாளர் சொல்வதுதான் சரி. 10 21 13.

10 22 என்பது கம்பிவலைத் தடுப்பு, கழற்றி மாட்டும் அலுவலகத் தடுப்பு, மடக்கி நகர்த்தும் தடுப்பு ஆகியவற்றுக்கான இடம். பள்ளியில் குளியல் தடுப்பும் இருந்தால் அதற்கு 10 21 16.

கே: 10 21 13 என்று மட்டும் போட்டால் போதாதா? புள்ளிக்குப் பின்னால் .13, .16, .19 எல்லாம் எதற்கு? (கோவை)

ப: இதற்குக் கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்ல வேண்டும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கட்டுமான ஸ்பெக் எழுதுவதற்கான அமைப்புகளான அமெரிக்காவின் சி.எஸ்.ஐ.யும் கனடாவின் சி.எஸ்.சி.யும் சேர்ந்து வெளியிடுவது மாஸ்டர்ஃபார்மேட். அதில் முதல் இரண்டு இலக்கம் பெரும்பிரிவைச் சொல்லும். 10 என்றால் ஸ்பெஷாலிட்டீஸ், அதாவது தனிவகைப் பொருட்கள். அதற்குள் 21 13 கழிப்பறைத் தடுப்புக்கு. புள்ளிக்குப் பின்னால் வருவது தடுப்பு எதனால் ஆனது என்பதைச் சொல்கிறது. .13 உலோகம், .16 லேமினேட் ஒட்டிய பலகை, .19 பிளாஸ்டிக், .23 பார்ட்டிக்கிள் போர்டு, .40 கல். நம் ஊரில் கம்பாக்ட் என்கிறோமே, அந்த ஃபினாலிக் பலகைக்கு .17 போடுவது வழக்கம்.

என் மேசையில் மூன்று சாம்பிள் துண்டுகள் எப்போதும் இருக்கும். மூன்றும் ஒரே சாம்பல் நிறம், முன்பக்கம் தடவிப் பார்த்தால் வித்தியாசமே தெரியாது. திருப்பி வெட்டுமுகத்தைப் பாருங்கள். ஒன்றில் ஓரம் முழுக்கக் கறுப்பு, நகத்தால் கீறினாலும் பொடி உதிராது. அது ஃபினாலிக். இன்னொன்றில் உள்ளேயும் வெளியேயும் ஒரே நிறம். அது எச்.டி.பி.இ. என்ற பிளாஸ்டிக். மூன்றாவதில் ஓரத்தில் ஒட்டிய பட்டையைப் பிரித்தால் மரத்தூள் கொட்டும். .16 என்று எழுதி, உள்ளே என்ன பலகை என்று எழுதாமல் விட்டால் வந்து சேர்வது பெரும்பாலும் இந்த மூன்றாவதுதான்.

தோஹாவில் கொள்முதல் பார்த்த காலத்தில் நானே இதில் விழுந்தேன். ஸ்பெக்கில் வெறும் 10 21 13, "லேமினேட் ஃபினிஷ்" என்று ஒரு வரி. நான்கு கொட்டேஷன் வந்தது, குறைந்த விலைக்குக் கையெழுத்துப் போட்டேன். அங்கே தினமும் இரவில் ஹோஸ் பிடித்துத் தரையைக் கழுவுவார்கள். ஒரு கோடை தாண்டவில்லை, பலகைகளின் அடியோரம் ஊறிப் போன ரஸ்க் மாதிரி உப்பிவிட்டது. சப்ளையர் ஸ்பெக்கை எடுத்துக் காட்டினார், அவர் பக்கம் தவறே இல்லை. அத்தனையையும் கழற்றி மாற்றிய செலவு எங்கள் தலையில். அன்றிலிருந்து பொருளின் பெயர் இல்லாத தடுப்பு ஸ்பெக்கை நான் கையெழுத்துக்கு அனுப்புவதில்லை.

ஆகவே, கட்டடம் முழுக்க ஒரே பொருள் என்றால் அதன் எண்ணையே போடுங்கள், தலைப்பிலும் பொருளின் பெயர் வரட்டும். மாடிக்கு ஒரு பொருள் என்றால் ஒவ்வொன்றுக்கும் தனி செக்‌ஷன் எழுதலாம். அல்லது பொதுவாக 10 21 13 என்று ஒரே செக்‌ஷன் வைத்து, பொருட்களைச் சொல்லும் இரண்டாம் பாகத்தில் பொருளுக்கு ஒரு பத்தி ஒதுக்கலாம். எந்த வழியானாலும் சரி, இரண்டையும் ஒரே வேலையில் கலக்காதீர்கள்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், இது பல வருஷ ஆதங்கம். உற்பத்தியாளர் தரும் ஸ்பெக் ஃபைலை இறக்கி, திட்டத்தின் பெயரை மட்டும் மாற்றி ஒட்டுகிறார்கள். அது அவர் தன் சரக்கை விற்க எழுதியது. எண்ணும் அவருக்கு வசதியான எண்ணாகவே இருக்கும். வேறு யாரும் விலை சொல்ல முடியாதபடி பூட்டும் போட்டு வைத்திருப்பார். அந்த ஃபைலைப் படித்து விவரம் எடுத்துக்கொள்ளுங்கள். அப்புறம் உங்கள் ஸ்பெக்கை நீங்களே எழுதுங்கள்.

கே: துபாயில் ஹோட்டல் வேலை. ஸ்பெக் புத்தகத்தில் 10 21 13-உம் இருக்கிறது, 10 21 13.17-உம் இருக்கிறது. முதலாவது லேமினேட், இரண்டாவது ஃபினாலிக். சப்ளையர் முதலாவதற்கு விலை கொடுத்திருக்கிறார், மலிவு. வாங்கிவிடவா?

ப: வேண்டாம். முதலில் கன்சல்டன்டுக்கு ஆர்.எஃப்.ஐ. (விளக்கம் கேட்கும் கடிதம்) அனுப்பி, எது செல்லும் என்று எழுத்தில் பதில் வாங்குங்கள். முரண்பாடு தெரிந்தும் மலிவானதை வாங்கினீர்கள் என்றால், பின்னால் கழற்றச் சொல்லும்போது உங்கள் பக்கம் பேச ஒரு காகிதமும் இருக்காது.

கே: நியூஜெர்சியில் எங்கள் சங்கத்துக்குப் பழைய கட்டடம் ஒன்று வாங்கிப் புதுப்பிக்கிறோம். கான்ட்ராக்டர் தந்த ஸ்பெக்கில் 'செக்‌ஷன் 10155' என்று ஐந்து இலக்கம் இருக்கிறது. இது சரியா?

ப: அது பழைய எண். 2004 பதிப்பில் மாஸ்டர்ஃபார்மேட் 16 பிரிவிலிருந்து 50 பிரிவாக விரிந்தது, எண்களும் ஆறு இலக்கமாயின. எண்ணை மாற்றுவது ஒரு நிமிஷ வேலைதான். எண் இவ்வளவு பழையது என்றால் உள்ளே இருக்கும் அளவுகளும் அந்தக் காலத்தவையாக இருக்குமோ என்பதுதான் என் கவலை. அமெரிக்க மாற்றுத்திறனாளிகள் சட்டத்தின் 2010 ஏ.டி.ஏ. விதிகள் 2012 மார்ச் 15 முதல் கட்டாயம். சக்கர நாற்காலிக்கான அறை குறைந்தது 60 அங்குல அகலம் வேண்டும். ஆழம், சுவரில் மாட்டும் கழிப்பறைக் கோப்பைக்கு 56, தரையில் வைக்கும் கோப்பைக்கு 59. கதவைத் திறந்தால் 32 அங்குலம் வழி கிடைக்க வேண்டும். கதவு உள்பக்கம் திறந்து இந்தக் குறைந்தபட்ச இடத்துக்குள் வரக் கூடாது. எச்.டி.பி.இ. பலகை என்றால் என்.எஃப்.பி.ஏ. (அமெரிக்கத் தீப்பாதுகாப்புச் சங்கம்) 286 தீச்சோதனை அறிக்கையையும் கேட்டு வாங்குங்கள். எத்தனையோ பேர் சேர்த்த பணம், ஸ்பெக்கை வரிவரியாகப் பார்க்க ஒரு ஆர்க்கிடெக்டுக்குக் கட்டணம் கொடுப்பதில் தப்பில்லை.

கே: கைப்பிடிக் கம்பி, பேப்பர் ஹோல்டர் எல்லாம் இதே செக்‌ஷனில் வருமா?

ப: வராது. 10 28 13. கைப்பிடிக் கம்பி 250 பவுண்டு தாங்க வேண்டும், அதற்குச் சுவருக்குள் வைக்கும் மரக்கட்டை 06 10 53. சீலிங்கிலிருந்து தொங்கும் தடுப்பு என்றால் மேலே இரும்புச் சட்டம் வேண்டும், அதை 05 50 00-இல் எழுதுங்கள். இந்த மூன்றுக்கும் 10 21 13-இல் ஒரு வரி குறிப்பு கொடுத்துவிடுங்கள். இல்லாவிட்டால் தடுப்பு மாட்ட வருகிறவர், பிடிமானம் இல்லாத ஜிப்சம் பலகையில் துளை போடுவார்.

கே: கிரானைட் தடுப்பு?

ப: .40.

கே: படம் பார்த்துப் பிடித்துப்போய் 24 கதவுக்கு முழுப் பணமும் கட்டிவிட்டேன். ஸ்பெக் எதுவும் எழுதவில்லை, அளவும் எடுக்கவில்லை. வந்தது அறைக்குப் பொருந்தவில்லை. எந்த செக்‌ஷன் நம்பர் போட்டுப் புகார் அனுப்புவது?

ப: எழுதாத ஸ்பெக்குக்கு எண் ஏது? வேலை இடத்தில் டேப் பிடித்து அளக்க அரை மணி நேரம் ஆகும். அதைச் செய்யாமல் முழுப் பணத்தையும் முன்கூட்டிக் கட்டியிருக்கிறீர்கள். விற்றவர் படத்தில் இருந்ததைத்தான் அனுப்பியிருக்கிறார். பலகையை வெட்டிச் சரிசெய்ய முடியுமா என்று அவரிடமே தன்மையாகக் கேளுங்கள். அடுத்த முறை முன்பணம் பாதிக்கு மேல் போக வேண்டாம்.

கே: திருச்சியில் நானே ஒரு சின்னப் பெண்கள் விடுதி நடத்துகிறேன், அதுதான் பிழைப்பு. எட்டுக் கழிப்பறைக்கு 'கம்பாக்ட் 12 மி.மீ.' என்று பில் போட்டு 1,40,000 ரூபாய் வாங்கினார்கள். ஐந்தே மாதத்தில் கீழே உப்பிக் கிழிந்துவிட்டது, உள்ளே மரத்தூள். கேட்டால், 'தண்ணி ஊத்துனா எந்தப் போர்டும் அப்படித்தான்' என்கிறார்கள்.

ப: படித்து மனசு கனத்துவிட்டது, அம்மா. நீங்கள் கேட்டது சரி, எழுதி வாங்கியதும் சரி. கழிப்பறைக்கு என்று விற்ற பலகையில் தண்ணீர் படத்தான் செய்யும். உண்மையான கம்பாக்ட் ஐந்து மாதத்தில் உப்பாது. மேலே சொன்ன .17-க்குப் பணம் வாங்கிக்கொண்டு .23-ஐ மாட்டியிருக்கிறார்கள்.

நம் ஊர் பில்லில் இந்த எண்கள் இருக்காது, ஆனால் உங்களிடம் பொருளின் பெயரும் தடிமனும் எழுத்தில் இருக்கிறது. உப்பிய பலகையைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். வெட்டுமுகத்தைப் பக்கத்தில் ஸ்கேல் வைத்துப் படம் எடுங்கள். கடைக்காரருக்குப் பதிவுத் தபாலில் 15 நாள் கெடு வைத்து ஒரு கடிதம் அனுப்புங்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இலும் பதியலாம். மசியவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். வணிகத்துக்கு வாங்கியது என்று எதிர்த்தரப்பு சொல்லக்கூடும். சொந்த உழைப்பில் பிழைப்புக்காக வாங்கியதைச் சட்டம் அப்படிப் பார்ப்பதில்லை. விடுதியை நீங்களே நடத்துவதற்கான சான்றையும் சேர்த்துக் கொடுங்கள். பொருளுக்குக் கொடுத்த விலை ஐந்து லட்சம் வரை என்றால் மனுவுக்குக் கட்டணம் இல்லை. இரண்டு வருஷம் அவகாசம் இருக்கிறது. ஆனாலும் இந்த வாரமே கடிதத்தைப் போட்டுவிடுங்கள்.